தண்ணீரைத் தெரிந்துகொண்டு மீன் வாங்குங்கள்

வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிப்பவர்: கொளத்தூரில் 21 ஆண்டுகளாக மொட்டை மாடித் தொட்டிகளில் வண்ண மீன் வளர்த்துவரும் இல்லத்தரசி.

கேள்வி: அம்மா, வணக்கம். மகளின் பிறந்தநாளுக்காக இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். அன்று மாலையே இரண்டு ஏஞ்சல், பத்து நியான் டெட்ரா, இரண்டு கோல்டு ஃபிஷ், நான்கு ஷார்க் குஞ்சுகள் விட்டோம். ஆறாம் நாள் பார்த்தால் ஷார்க்குகளும் ஒரு ஏஞ்சலும்தான் மிச்சம். எங்களுக்குப் போர்வெல் தண்ணீர், டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 900 என்று பிளம்பர் சொன்னார். மகள் இனி மீனே வேண்டாம் என்று அழுகிறாள். எங்கே தவறினோம்?
— வாசகர், தாம்பரம்

பதில்: முதலில் உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. தொட்டி, தண்ணீர், மீன் மூன்றும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்ததுதான் தவறு. மீன் விற்பவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விற்பது எனக்கு இன்றும் மனம் பொறுக்காத விஷயம்.

மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அது செவுளை எரித்துவிடும். இந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்க ஒருவகை பாக்டீரியா உண்டு. நைட்ரைட்டும் நஞ்சுதான், அதை நைட்ரேட்டாக்க இன்னொரு வகை வேண்டும். இவை இரண்டும் ஃபில்டர் பஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உங்கள் புதுத் தொட்டியில் அவற்றில் ஒன்றுமே இருந்திருக்காது. அதோடு காரத்தன்மை கூடிய தண்ணீரில், அதுவும் சென்னை வெயிலில், அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கடுமையாகும்.

நானும் இந்தப் பாடத்தை விலை கொடுத்துத்தான் கற்றேன். தொடக்க காலத்தில் ஒரு நாள், சுத்தம் என்று நினைத்துக்கொண்டு தொட்டி முழுவதையும் காலி செய்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பளிச்சென்று பிழிந்து போட்டேன். மறுநாளிலிருந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் ரத்தச் சிவப்பாக இருந்தன. மூன்றாம் நாள் முப்பதுக்கு மேல் வாரி எடுத்தேன். அன்றுமுதல் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசுகிறேன், அவ்வளவுதான். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுகிறேன்.

அடுத்து, நீங்கள் வாங்கிய மீன்கள். நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மீன். உப்பில்லாத, சற்றே அமிலத்தன்மையுள்ள மென்னீரில் வாழ்வது. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீரை விரும்பும், கழிவும் அதிகம். மே மாதத்தில் நம் வீட்டுத் தொட்டிகள் 32 டிகிரியைத் தொடும்போது அது திணறிப் போகும். ஏஞ்சல் வளர்ந்தால் நியானை விழுங்கிவிடும். ஷார்க் என்று விற்பது சுறாவே அல்ல, மீக்கோங் ஆற்றுக் கெளுத்தி இனம். ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ஓட்டல்களில் பாசா என்று வறுத்துக் கொடுப்பதும் பெரும்பாலும் இதுதான். இரண்டடித் தொட்டியில் அதை வைத்திருப்பது பாவம். மிச்சமிருக்கும் நான்கையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அந்த ஏஞ்சலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் நல்லது, அதற்கும் உங்கள் தொட்டியின் உயரம் போதாது.

உங்கள் தண்ணீருக்கென்றே பிறந்த மீன்கள் இருக்கின்றன: குட்டி போடும் வகைகள். கப்பி, பிளாட்டி, மோலி மூன்றும் உப்புத்தன்மையுள்ள தண்ணீரில் செழிப்பாக வளரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி என்றால் விளிம்புவரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான். மணலும் கல்லும் போக 45 லிட்டர் நிற்கும். அதற்கு ஆறு கப்பி, நான்கு பிளாட்டி போதும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில் எடுங்கள். ஆண் அதிகமானால் பெண் மீனைத் துரத்தித் துரத்தியே ஓய வைத்துவிடும்.

ஆனால் மீனை இப்போதே வாங்காதீர்கள். முதலில் செடி. கழுவிய ஆற்றுமணலை இரண்டங்குலம் பரப்பி, பின்வரிசையில் வாலிஸ்நேரியா நடுங்கள். நாடா போன்ற இலை, உங்களுடையது போன்ற கடின நீரை விரும்பும் செடி. புல் ஓடுவது போல மணலுக்குள் கொடி விட்டு, இரண்டு மாதத்தில் பின்பக்கம் முழுவதும் திரை கட்டிவிடும். முன்பக்கம் ஒரு கல்லில் ஜாவா ஃபெர்னைப் பருத்தி நூலால் கட்டி வையுங்கள். அதன் தண்டு இஞ்சி போலப் படுத்திருக்கும். அதை மணலில் புதைத்தால் அழுகிவிடும். செடிகள் அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் உங்களுக்குப் பெரிய துணை. விளக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் தொட்டியில் விழ வேண்டாம், கண்ணாடி முழுவதும் பாசி படியும்.

தினமும் ஒரு சிட்டிகை தீனியை மீனில்லாத தொட்டியில் போட்டுவாருங்கள். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. நன்றாக ஓடும் தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவர்களுடைய பஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரைக் கேட்டு வாங்கி ஊற்றுங்கள். ஐந்து வாரம் கழித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனைத் துளிகளில் பார்த்துக்கொண்டு, மகளையும் அழைத்துப் போய் மூன்றே மூன்று பிளாட்டி வாங்குங்கள். மற்றவை இரண்டு வாரம் கழித்து வரட்டும்.

கேள்வி: கிரிப்டோகோரின் என்ற நீர்ச்செடியில் ஆறு கன்று விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் நட்டேன். பத்தே நாளில் இலைகள் கண்ணாடி போலாகி, கூழாகக் கரைந்துவிட்டன. பிடுங்கி எறிந்துவிடலாமா? எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர்.
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எறிந்துவிடாதீர்கள் அம்மா! செடி சாகவில்லை. பண்ணைகளில் இதைப் பெரும்பாலும் இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். தண்ணீருக்குள் மூழ்கியதும் அந்தப் பழைய இலைகள் தாங்காமல் கரையும். கரைந்ததை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு, வேரை அசைக்காமல் விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் மணல்மட்டத்தில் ஊசி போலச் சுருண்ட பழுப்புத் தளிர் ஒன்று எட்டிப் பார்க்கும். அது தண்ணீருக்குள் பிறந்த இலை, கரையாது. இதில் வென்ட்டி என்ற வகை இலங்கை ஓடைகளின் சொந்தச் செடி. இடத்தை மாற்றி மாற்றி நடுவது அதற்கு அறவே பிடிக்காது.

சிறுவாணித் தண்ணீர் கிடைத்திருப்பது உங்கள் பாக்கியம். தாம்பரம் வாசகருக்கு வேண்டாம் என்றேனே, அந்த டெட்ராக்கள் உங்கள் மென்னீரில் நிறம் ஏறி நிற்கும். நீங்கள் தவிர்க்க வேண்டியது மோலியை. கனிமம் குறைந்த நீரில் அது துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உடம்பை நெளித்து ஆடிக்கொண்டிருக்கும். அழகாக ஆடுகிறது என்று பலர் நினைப்பார்கள். அது துன்பப்படுகிறது. குழாய் நீரில் குளோரின் இருக்கும், நீக்கும் மருந்து விட்ட பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் வாய்க்காலில் கிடைக்கும் செடிகளைத் தொட்டியில் வைக்கலாமா?
— வாசகர், திருவையாறு

பதில்: தாராளமாக. வேலம்பாசி வைக்கலாம். ஆம்பலோடு சேர்ந்து வளரும் கொட்டியைக் கிழங்கோடு எடுத்து வைத்தால் அலையலையாக இலை விடும். வயலில் மருந்து அடித்த நாட்களில் மட்டும் எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளியில் இரண்டு வாரம் தனியாக வைத்துத் தினமும் பாருங்கள். தட்டான் பூச்சியின் இளம்புழு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், கப்பிக் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுவிடும்.

கேள்வி: இரவில் செடிகள் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுமாமே, மீன் செத்துவிடாதா?
— வாசகி, ஈரோடு

பதில்: எடுத்துக்கொள்ளும். ஆனால் அளவாக மீன் வைத்த தொட்டியில் அதனால் ஆபத்தில்லை. கோடையில் கவனம் வேண்டும், சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் இரவு முழுவதும் ஏர் பம்ப் ஓடட்டும். மின்வெட்டுக்குப் பேட்டரி பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கேள்வி: பாசி தின்னும் என்று வாங்கிய சக்கர் மீன் ஒரு முழத்துக்கு வளர்ந்துவிட்டது. கொல்ல மனமில்லை. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?
— வாசகர், ஆவடி

பதில்: வேண்டாம் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். இது தென் அமெரிக்க மீன். ஓடு போன்ற தோல் என்பதால் நம் ஏரியில் இதைத் தின்ன ஆளில்லை. கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகுகிறது. வலை போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கெண்டையும் கெளுத்தியும் வந்த இடத்தில் சக்கர் வருகிறது, அதன் முள் வலையைக் கிழித்துவிடுகிறது என்பார்கள். அதை வாங்கவும் ஆளில்லை. பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று மீன் கடைகளில் விசாரியுங்கள். கொண்டு போகும்போது பிளாஸ்டிக் பை வேண்டாம், துடுப்பு முள் குத்திக் கிழித்துவிடும். மூடியுள்ள வாளியில் எடுத்துச் செல்லுங்கள்.