ஓவியம் கேள்வி பதில்: குறைந்த காசில் எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: ஆசிரியர் யாரும் இல்லாமல் நானாகவே வரையக் கற்று வருகிறேன். கையில் பணம் குறைவு. 48 நிறங்கள் கொண்ட வாட்டர் கலர் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். அந்த விலைக்கு அத்தனை நிறம் தரவேண்டுமென்றால் நிறமியை, அதாவது நிறம் தரும் பொடியை, குறைத்து நிரப்புப் பொருளைக் கூட்டித்தான் தர முடியும். தவிர, அதில் பெரும்பாலானவை நீங்களே கலந்துகொள்ளக்கூடிய நிறங்கள். பெட்டி பார்க்க அழகாக இருக்கும், அதுதான் சிக்கல்.

அதற்குப் பதில் நாலு நல்ல ட்யூப் போதும்: அல்ட்ராமரீன் நீலம், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, குவினாக்ரிடோன் ரோஸ். ட்யூபின் முன்பக்கப் பெயரை நம்பாதீர்கள். பின்பக்கம் நிறமி எண் (எந்த நிறமி என்று காட்டும் ஆங்கில எழுத்துகளும் எண்ணும்) இருக்கும்: வரிசையாக பி.பி. 29, பி.ஒய். 43 (அல்லது 42), பி.பி.ஆர். 7 (அல்லது பி.ஆர். 101), பி.வி. 19. ஒரே ஒரு எண் இருந்தால் கலக்கும்போது நிறம் எளிதில் சேறாகாது. மூன்று நான்கு எண்கள் இருந்தால் அது ஏற்கெனவே கலந்தது. அதோடு இன்னொன்றைச் சேர்த்தால் மங்கிவிடும். அல்ட்ராமரீனையும் பர்ன்ட் சியன்னாவையும் கெட்டியாகக் கலந்தால் ஏறக்குறைய கறுப்பு, நீரைக் கூட்டினால் அருமையான சாம்பல். கறுப்பு ட்யூப் தனியாகத் தேவையில்லை. பளிச்சென்ற பச்சை வேண்டுமென்றால் மட்டும் ஐந்தாவதாக ஒரு எலுமிச்சை மஞ்சள்.

மிச்சப்படுத்திய காசைத் தாளில் போடுங்கள். பிரஷையும் வண்ணத்தையும் விட வாட்டர் கலரில் தாள்தான் முக்கியம். மெல்லிய தாளில் நீர் பட்டதும் அலையலையாக எழும்பும். பள்ளத்தில் வண்ணம் தேங்கி, மேட்டில் சீக்கிரம் காய்ந்து, ஓரங்களில் பூப்பூவாகக் கறை விழும். வரைபவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) கனமுள்ள முழுத்தாள் (56 × 76 செ.மீ.) ஒன்று வாங்கி மூன்று முறை பாதியாக வெட்டினால் 28 × 19 செ.மீ. அளவில் எட்டுத் துண்டு வரும். பின்பக்கமும் பயன்படும். பென்சில் பயிற்சிக்கு இது தேவையில்லை, ஒருபக்கம் அச்சடித்த பழைய தாளே போதும்.

கேள்வி: கான்வாஸ் வாங்க முடியாமல் அட்டையில் வரைகிறேன். அக்ரிலிக் போட்டால் அட்டை வளைகிறது. எண்ணெய் வண்ணம் போட்டால் சுற்றிலும் எண்ணெய்க் கறை பரவுகிறது. என்ன செய்வது?

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மேற்பரப்பை மூடாமல் வரைகிறீர்கள். அட்டை ஒருபக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்து உப்பி, காயும்போது அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொள்கிறது. எண்ணெய் விஷயம் இன்னும் மோசம். எண்ணெய் வண்ணத்தில் உள்ள ஆளி விதை எண்ணெய் இழைக்குள் இறங்கினால் நாளடைவில் தாள் பழுத்து நொறுங்கும். வண்ணமோ பிடிமானம் இழந்து பொடியாக உதிரும்.

உள்ளே நெளிநெளியாக இருக்கும் பெட்டி அட்டையை விட்டுவிடுங்கள். அழுத்தமான கெட்டி அட்டை, முடிந்தால் 3 மி.மீ. ஹார்ட்போர்டு (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எடுங்கள். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வரையும் முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பத்துப் பங்குக்கு ஒரு பங்கு நீர் கலந்து முதல் பூச்சு. நன்றாகக் காய்ந்தபின் முதல் பூச்சுக்குக் குறுக்காக இரண்டாவது. ஓரங்களை மறக்கக் கூடாது. ஈரம் அங்கிருந்துதான் ஏறும். பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்தால் இரண்டு பக்க இழுவையும் சமமாகி வளைவு குறையும். அக்ரிலிக் தீட்ட மறுநாள் வரை பொறுங்கள். எண்ணெய் வண்ணத்துக்கு மூன்று நாள்.

அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் தீட்டலாம். எண்ணெயின் மேல் அக்ரிலிக் தீட்டினால் ஒருநாள் தோலாக உரிந்து வரும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: சுவரில் மாட்டிய படத்தில் இளஞ்சிவப்பு மட்டும் வெளுத்துவிட்டது. மற்ற நிறங்கள் அப்படியே இருக்கின்றன. ஏன்?

ஒளிக்குத் தாங்காத நிறமி. இது பெரிய ஓவியர்களையும் விட்டதில்லை. வான்கோ 1888-ல் தீட்டிய தன் படுக்கையறையின் சுவர் வெளிர் ஊதா என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்று அது நீலமாகத் தெரிகிறது. கலந்திருந்த சிவப்பு போய்விட்டது, நீலம் தங்கிவிட்டது.

ட்யூபில் ஒளித்தாங்கு திறன் I அல்லது II என்று இருந்தால் வாங்கலாம். பி.ஆர். 83 எண்ணுள்ள அலிசரின் கிரிம்சனும் ஒளிரும் நியான் நிறங்களும் விற்கப்போகும் படத்துக்கு ஆகாது. ஸ்கெட்ச் பேனாக்களில் பெரும்பாலும் சாயம்தான் இருக்கும், அதுவும் வெளுத்துவிடும். சந்தேகம் இருந்தால் எல்லா நிறத்திலும் ஒரு கோடு இழுத்து, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். தாளை எடுத்ததும் எது ஓடிப்போனது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: சொல்லித்தர ஆள் இல்லாமல் என் தவறு எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு புகைப்படத்தை அதே அளவில் பார்த்து வரையுங்கள். பிறகு அந்தப் புகைப்படத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை வைத்துக் கோடுகளைப் படியெடுத்து உங்கள் ஓவியத்தின் மேல் வையுங்கள். பத்துப் படம் இப்படிச் செய்தால் தவறு ஒரே திசையில் போவது தெரியும். முகத்தில் பலரும் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் நடுவில்தான் கண் வரும்.

ஒளி நிழலுக்கு, ஓவியத்தைச் செல்போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தை எவ்வளவு மாற்றியும் பயனில்லை. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து படியாகப் பிரித்து மறுபடி வரையுங்கள். ஓவியத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் கோணல் உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் குடும்பப் படம் வரையச் சொல்கிறார். என்ன விலை சொல்வது?

மணிக்கணக்கு எழுதுங்கள். பேசிய நேரம், படம் தேர்ந்தெடுத்த நேரம், கட்டிக்கொடுத்த நேரம் எல்லாம் சேர்த்து. ஒரு மணி நேரத்துக்கு 100 என்று வைத்தால் 12 மணி நேரத்துக்கு 1,200, பொருள் செலவு 180, ஆக 1,380. படச்சட்டத்தின் விலை தனி. தெரிந்தவர் என்று குறைக்க மனம் வந்தால் முழு விலையை எழுதி அதன் கீழே தள்ளுபடி என்று காட்டுங்கள். இல்லாவிட்டால் அவர் சொல்லி வருகிற அடுத்தவரும் அதே விலையைக் கேட்பார்.

தொடங்கும் முன் பாதிப் பணம். பென்சில் கட்டத்தில் காட்டி ஒப்புதல். அதன்பின் இரண்டு திருத்தம் மட்டும். மூன்றையும் எழுதி வாங்குங்கள். “சாயல் வரவில்லை” என்ற பேச்சு பெரும்பாலும் மங்கலான ஒரே புகைப்படத்தை வைத்து வரைவதால் வருவது. பக்கவாட்டு ஒளியில் எடுத்த தெளிவான படம் ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று கேளுங்கள். தராவிட்டால் அந்த வேலையை ஏற்காதீர்கள்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரையலாமா?

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி ரூசோ பாரிஸில் சுங்க வசூல் வேலையை 49 வயதில், 1893-ல்தான் விட்டார். அதுவரை வேலை பார்த்துக்கொண்டே வரைந்தார். ஆறு மாதச் செலவு கையில் இல்லாமல், தெரியாதவர்கள் தேடி வந்து வாங்காமல், விட வேண்டாம்.

கேள்வி: பிரஷ் முடி சீக்கிரம் விரிந்துவிடுகிறதே?

நீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தி வைக்கிறீர்கள். முனை வளைவதோடு, உலோக வளையத்துக்குள் நீர் ஏறி மரப்பிடி உப்பி, பசையும் விட்டுப்போகிறது. கழுவிய கையோடு சாதா சோப்பில் உள்ளங்கையில் மெதுவாகச் சுழற்றி, முனையை விரலால் கூராக்கிப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். அக்ரிலிக் என்றால் அடுத்த நிறம் எடுக்கும் முன்பே அலசுங்கள். முடியின் அடியில் காய்ந்துவிட்டால் அந்த பிரஷ் ஜெஸ்ஸோ பூசத்தான் ஆகும்.