டைரி எழுத உட்கார்ந்தால் எதுவுமே தோன்றவில்லை. எதைப் பற்றி எழுதலாம்?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இது: ஜனவரியில் ஆசையாக ஒரு டைரி வாங்கினார். முதல் சில நாட்கள் பக்கம் பக்கமாக எழுதினார். அப்புறம் "எழுந்தேன், வேலைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. பெரிதாக ஒன்றும் நடக்காத வாழ்க்கையில் தினமும் எதைத்தான் எழுதுவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடம் உங்களுக்கு நினைவிருக்காதது எதுவோ அதை எழுதுங்கள். கல்யாணம், வேலை மாறியது, வீட்டில் ஒரு சாவு, இவையெல்லாம் எழுதாவிட்டாலும் மறக்காது. இன்று தக்காளி என்ன விலை விற்றது, மாடிப்படியில் நின்று பக்கத்து வீட்டு அக்கா என்ன சொன்னார், காலையில் பஸ் ஏன் வழியில் நின்றது, இதெல்லாம் பத்து நாளில் போய்விடும். போனது நமக்குத் தெரியக்கூடச் செய்யாது. ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் தள்ளிவிடும் நாட்கள்தானே எண்ணிக்கையில் அதிகம்? அவற்றைப் பிடித்து வைக்கத்தான் டைரி வேண்டும்.

இதை எனக்குக் காட்டியது ஒரு மழைக் கணக்கு நோட்டு. அப்பா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். அன்றிலிருந்து இன்றுவரை மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால் முதல் பேச்சு மழையைப் பற்றித்தான். மார்ச், ஏப்ரலில் ஓர் அங்குலம் போல நல்ல மழை விழுந்துவிட்டால் எட்டுப் பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை மாதிரி ஒரு வாசனை சரிவெங்கும் நிற்கும். வெறும் தூறலோடு நின்றுபோனால் பூ சரியாக விரியாது, அந்த வருட மகசூலே அடிபடும். அதனால் எந்தத் தேதியில் எவ்வளவு பெய்தது என்று எழுதி வைத்தே ஆக வேண்டும். அப்பா தினமும் காலையில் மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து, அங்குலமும் சென்ட்டுமாக எழுதுவார். நூறு சென்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம்.

அந்த நோட்டில் கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு "குறிப்பு". இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். மழையைப் பற்றி ஏதாவது சொல்ல இருந்தால் எழுதுவதற்காகப் போட்ட கட்டம். அப்பா அதில் மழையோடு மற்றதையும் எழுதிவிட்டார். "கீழ்க்காட்டில் மட்டும் பூ." "ஓடைப் பக்கம் காட்டெருமை, குட்டியோடு." "மேஸ்திரி மகள் கல்யாணம். ஆள் வரவு குறைவு." "உரம் ஏற்றி வந்த லாரி வளைவில் நின்றுவிட்டது." "கரண்ட் இல்லை. பழம் அப்படியே கிடக்கிறது." ஒரு ஏப்ரல் மாதம் முழுக்க மழை அளவில் பூஜ்யம். அதன் நடுவே ஒரு நாள் குறிப்பில் "மேகம் வந்து போனது" என்று மட்டும் இருக்கிறது.

அவர் அந்த நோட்டில் ஓரிடத்தில்கூடக் கவலையாக இருக்கிறது என்றோ சந்தோஷமாக இருக்கிறது என்றோ எழுதவில்லை. ஆனால் "மேகம் வந்து போனது" என்ற மூன்று சொல்லைப் படிக்கும்போது அந்த மாதம் வீட்டில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. இன்று எனக்கு என்ன தோன்றியது என்று யோசிக்க உட்கார்ந்தால் பலருக்குப் பேனா நகராது. இன்று என்ன பார்த்தேன் என்று ஆரம்பித்தால் நகரும். தோன்றியது பின்னாலேயே வந்துவிடும். அதனால் ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: மனதை விட்டுவிடுங்கள், தகவலைப் பிடியுங்கள்.

தமிழில் இதை மிகப் பெரிய அளவில் செய்து காட்டியவர் புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேவிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர். 1736 செப்டம்பரில் ஆரம்பித்து, 1761 ஜனவரியில் அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை எழுதியிருக்கிறார். ஆரம்பத்திலேயே தான் எதை எழுதப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறார்: காதால் கேட்டது, கண்ணால் பார்த்தது, கப்பல் வருவது போவது, அப்புறம் ஏதாவது புதுமையாக நடந்தால் அது. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த செய்தியும் அதில் உண்டு, யார் யாருக்கு என்ன மரியாதை நடந்தது என்பதும் உண்டு. கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னேன் என்று பேச்சைப் பேச்சாகவே எழுதுகிறார். டூப்ளேவின் மனைவி மேல் அவருக்கு இருந்த கோபம்கூட மறைக்காமல் இருக்கிறது. 1846-இல்தான் அந்த ஏடுகள் வெளியே தெரிய வந்தன. இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தொடாமல் போக முடியாது. அவருக்குக் கப்பல் என்றால் உங்களுக்கு பஸ்ஸோ, ஆபீஸோ, தறியோ. உங்கள் கண்ணுக்கு எதிரே வந்து போவது எதுவோ அது.

சரி, இன்று ராத்திரியே உட்கார வேண்டும் என்றால் எப்படித் தொடங்குவது? எனக்குத் தெரிந்த சுலபமான வழி செலவுக் கணக்கு. நம் வீடுகளில் வரவு செலவு எழுதுகிற பழக்கம் எப்படியும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு செலவுக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி சேருங்கள். "ஆட்டோ 120" என்பது வெறும் கணக்கு. "ஆட்டோ 120. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஐந்து ரோட்டில் பஸ் படி ஏற முடியவில்லை, அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம் என்று பிடிவாதம்" என்பது டைரி. "பழைய கொலுசு மாற்றியது, செவ்வாய்ப்பேட்டை. பாப்பாவுக்குக் கால் வளர்ந்துவிட்டது, முத்து வைத்ததுதான் வேண்டும் என்று அழுகை." பணம் போன இடத்தில் எப்போதும் ஒரு ஆள் இருப்பார், ஒரு காரணம் இருக்கும். எழுத வராது என்று சொன்ன என் சித்தி இப்படித்தான் ஆரம்பித்தார். இப்போது கணக்கைவிடக் காரணம்தான் நீளமாக இருக்கிறது.

அதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது, பேச்சை அப்படியே எழுதுவது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள். என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் பழைய கதைதான். "அம்மாயி பழைய காலத்தைப் பற்றிச் சொன்னார்" என்று ஒரு வரி எழுதினால் அதில் அம்மாயி இல்லை. அவர் சொன்னது இது: "மணி பாக்கறதுக்கு வீட்டுல என்ன இருந்துச்சு கண்ணு? மில்லு சங்கு ஊதுனா ஒல வெப்போம். ஒரு நா சங்கு ஊதல, அன்னிக்கு எல்லா வூட்டுலயும் சோறு லேட்டு." ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் இன்னொன்று சொல்வார். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ அது. நூற்றுக்கும் மேலே படம் எடுத்த இடத்தில் இப்போது அந்த முகப்பு வளைவுதான் மிச்சம். "கேட்டுகிட்ட நின்னுக்கிட்டே இருப்போம். காரு ஒண்ணு போவும். உள்ள யாருன்னே தெரியாது. தெரிஞ்சாப்புல எல்லாரும் கையாட்டுவோம்."

இப்போது அம்மாயி இல்லை. போட்டோ இருக்கிறது, ஆனால் போட்டோவில் குரல் இல்லையே. "தெரிஞ்சாப்புல கையாட்டுவோம்" என்ற வரியைப் படித்தால் எனக்கு அவர் குரலே கேட்கிறது. அதனால் எழுதும்போது திருத்தமான தமிழுக்கு மாற்றாதீர்கள். "ஏனுங்க", "வர்றேனுங்" என்று எப்படிச் சொன்னார்களோ அப்படியே போடுங்கள். குழந்தைகள் பேசுவதற்கும் இது பொருந்தும். மூன்று வயதில் சொன்ன ஒரு வார்த்தையை நான்கு வயதில் அவர்களே சொல்ல மாட்டார்கள்.

ஊரில் பார்க்கிறது எல்லாமே எழுதலாம், அதைப் பட்டியல் போட வேண்டியதில்லை. மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டதா, முதல் மல்கோவா கடைக்கு எப்போது வந்தது, ஆடியில் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கைக்கு இந்த முறை என்ன ஜோடனை, தட்டுவடை செட் கடையில் பீட்ரூட்டைக் குறைத்து கேரட்டை அதிகமாக்கிவிட்டார்களா, இப்படி எது கண்ணில் பட்டதோ அது. ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

மனதில் இருப்பதை எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். எழுத வேண்டும். ஆனால் அதை நான் தனி வேலையாகத்தான் பார்க்கிறேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து 1986-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்களை நான்கு நாட்கள், நாளைக்குப் பதினைந்து நிமிடம், தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது குறைந்திருந்தது. இதில் பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் லேசாகவில்லை, பாரமாகத்தான் இருந்தது. ஆகவே ஒரு துக்கத்தையோ அவமானத்தையோ எழுதியதும் நெஞ்சு அடைத்தால் பயந்துவிடாதீர்கள். என்ன நடந்தது என்று முதலில், அது என்னை என்ன செய்தது என்று அப்புறம், சில நாட்கள் மட்டும், நேரம் வைத்துக்கொண்டு. தூங்கப் போகும் முன் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரே மனிதர் மேல் உள்ள கோபத்தை மாதக்கணக்கில் தினமும் எழுதிக்கொண்டிருந்தால் அது ஆறுவதில்லை, ஊறுகிறது. பாரம் குறையவே இல்லை என்றால் நோட்டை மூடிவிட்டு நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள்.

தினமும் நன்றி சொல்லி எழுதுவது என்று ஒன்று இப்போது நிறையச் சொல்லப்படுகிறது. எமன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதி வாரத்துக்கு ஒரு முறை எழுதியதுதான். எனக்கும் வாரம் ஒரு முறை சரியாகத் தோன்றுகிறது. தினமும் என்றால் "குடும்பம், உடம்பு, சோறு" என்று கை தானாக எழுதிவிடும். யார், என்ன செய்தார் என்று ஒன்றைக் குறிப்பாக எழுதினால் நல்லது.

அப்புறம், கேள்வியில் இல்லாவிட்டாலும் நிறையப் பேருக்கு உள்ளே இருக்கிற தடை: யாராவது எடுத்துப் படித்துவிட்டால்? நம் வீடுகளில் தனக்கென்று பூட்டுகிற ஒரு டிராயர்கூடப் பலருக்குக் கிடையாது, அதுவும் பெண்களுக்கு. இந்தப் பயம் நியாயமானது. பயந்துகொண்டே எழுதினால் பொய்தான் வரும். லண்டனில் 1660 முதல் 1669 வரை டைரி எழுதிய சாமுவேல் பீப்ஸ் சுருக்கெழுத்தில் எழுதினார். உங்களுக்குச் சுருக்கெழுத்து தெரிந்தால் நல்லது. இல்லாவிட்டால் போனில் பூட்டு வைத்த குறிப்புச் செயலியில் எழுதலாம். மிகக் கசப்பானதைத் தனித்தாளில் எழுதி, எழுதியதும் கிழித்துப் போடலாம், அதுவும் எழுதியதுதான். தகவலாக எழுதுகிற பழக்கத்துக்கு இந்த இடத்தில் இன்னொரு லாபம் இருக்கிறது. "இன்று மதியம் யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை" என்ற வரி அடுத்தவர் கண்ணுக்கு ஒரு சாதாரணச் செய்தி. எழுதியவருக்கு அதன் எடை தெரியும்.

நோட்டு பற்றி ஒரே ஒரு யோசனை. தேதி அச்சடித்த டைரி வேண்டாம். நகைக்கடையும் பேங்க்கும் தருகிற டைரி அழகாக இருக்கும், ஆனால் இரண்டு வாரம் விட்டுப்போனால் அந்த வெற்றுப் பக்கங்களைப் பார்த்தே பலர் நிறுத்திவிடுகிறார்கள். சாதாரணக் கோடு போட்ட நோட்டு எடுத்து, தேதியை நீங்களே போடுங்கள். இரண்டு வரி வந்தால் இரண்டு வரி, நான்கு பக்கம் வந்தால் நான்கு பக்கம். நடுவில் ஒரு மாதம் எழுதவில்லை என்றால், விட்டுப்போன நாட்களை ஞாபகப்படுத்தி நிரப்ப உட்காராமல், கடைசியாக எழுதியதற்கு அடுத்த வரியிலேயே அன்றைய தேதியைப் போட்டு அன்று தக்காளி என்ன விலை என்று ஆரம்பித்துவிடுங்கள்.