இயல்பூக்கமும் தீர்மானமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வளவுப் பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னுகின்றன. எவரும் கற்றுக்கொடுக்காமலே பிசகின்றி வேலை செய்கின்றன. நாங்களோ காணியை விற்றுவிட்டுக் கனடாவிலுள்ள தம்பியிடம் போவதா, இங்கேயே இருப்பதா என்று மாதக்கணக்காகத் தடுமாறுகிறோம். கணக்குப் பார்த்தால் போவதே சரி. அம்மா மட்டும் காரணம் சொல்லாமல் மறுக்கிறார். அதைப் பிடிவாதம் என்றுதான் நினைக்கிறேன். விலங்குகளிடமுள்ள இயல்பூக்கத்தை மனிதன் இழந்துவிட்டானா?

வாசகர், கோப்பாய்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பனையில் கூடு பின்னுவது ஆண் குருவி. ஓலையிலிருந்தும் புல்லிலிருந்தும் அலகால் கிழித்தெடுத்த நாரை முடிந்து, கவிழ்த்த தொப்பி போன்ற அரைக்கூட்டை அது அமைத்ததும், பெண் குருவி வந்து உள்ளே புகுந்து பார்க்கும். அதற்குப் பிடித்திருந்தால் ஆண் மிகுதியையும் பின்னி, நீண்ட வாசற்குழாயை இறக்கும். பிடிக்காத கூடுகள் பெரும்பாலும் பாதியிலேயே தொங்கிக் கிடக்கும். இளம் ஆண்கள் பின்னும் கூடுகள் ஒழுங்கற்றவை. பின்னவேண்டும் என்ற உந்துதல் பிறப்போடு வந்தாலும் திறமை பழகித்தான் வருகிறது. தெரிவு செய்வதும் தவறுவதும் அங்கேயும் உண்டு. ஆகவே "பிசகின்றி" என்பதை நான் ஏற்கவில்லை.

இயல்பூக்கம் முற்றிலும் தானாக இயங்கும் இடங்களும் உண்டு. கூட்டுக்கு வெளியே உருண்ட முட்டையைச் சாம்பல்நிறக் காட்டு வாத்து அலகால் அணைத்து உள்ளே உருட்டுவதை விலங்கு நடத்தை அறிஞர்களான லொரென்ஸும் டின்பேர்கனும் ஆராய்ந்து 1938 இல் வெளியிட்டார்கள். உருட்டத் தொடங்கிய பிறகு முட்டையை எடுத்துவிட்டாலும், இல்லாத முட்டையை வாத்து கூடுவரை இழுத்துக்கொண்டே போகும். கடலாமைக் குஞ்சுகளும் அப்படித்தான்: இரவில் கடற்பக்கத்து வெளிச்சத்தை நோக்கிப் போகும் அவை, கரையில் மின்விளக்கு எரிந்தால் தரைப்பக்கம் திரும்பி மடிகின்றன. உருவான சூழலுக்குள் இயல்பூக்கம் அருமையாக வேலை செய்கிறது. சூழல் மாறியதை அதனால் அறிய முடிவதில்லை. வெளிச்சம் இருந்தும் இது கடல்தானா என்று நின்று கேட்பது நம்மால் இயலும், அந்தக் கேள்விக்குக் காலம் எடுக்கும். உங்கள் மாதங்களை நான் குறையாக எண்ணவில்லை.

அதற்காக முடிவெடுப்பது கணக்கு மட்டுமே என்றும் கொள்ளாதீர்கள். நரம்பியல் அறிஞர் அன்ரோனியோ டமாசியோ, முன்மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்ட நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய அறிவுத்திறன் குறையவில்லை. அடுத்த சந்திப்புக்கு இரண்டு நாட்களைச் சொல்லி ஒன்றைத் தெரிவு செய்யக் கேட்டபோது, நாட்குறிப்பைப் புரட்டியபடி ஏறக்குறைய அரைமணி நேரம் ஒவ்வொரு நாளுக்கும் சார்பாகவும் எதிராகவும் காரணங்களை அடுக்கினார், முடிவுதான் வரவில்லை. இரண்டாவது நாளில் வாருங்கள் என்று வைத்தியர் சொன்னதும், சரி என்று போய்விட்டார். காரணங்களுள் எது கனமானது என்று காட்டும் உணர்ச்சி அவரிடம் மங்கியிருந்தது என்பதே டமாசியோவின் விளக்கம். எனக்கு இது மிக முக்கியமான அவதானிப்பு. உணர்ச்சியை அகற்றிவிட்டால் அறிவு தெளியும் என்ற நம் பழைய எண்ணத்தை அது தகர்க்கிறது.

ஆகவே உங்கள் அம்மாவின் மறுப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள். அந்தக் காணியில் வாழ்ந்து அவர் அறிந்தவை, வார்த்தையாக வராமல் தயக்கமாக வெளிப்படலாம். அந்தத் தயக்கம் தவறாகவும் இருக்கலாம். எது அவரைத் தடுக்கிறது என்று ஆறுதலாக இருந்து கேளுங்கள்: குளிரா, மொழியா, அயலவரைப் பிரிவதா, திரும்பி வர ஒரு வீடு இல்லாமற் போவதா? கடைசிக் காரணம் என்றால் காணியை விற்காமலே சில மாதங்கள் கனடாவில் தங்கிப் பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் அந்த வழி பேசப்படவே இல்லை.