‘இடம் இல்லாம அசைவு குறையும்’ என்று யார் சொன்னது?

கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கால் வீக்கம், நெஞ்செரிச்சல், தூக்கமின்மை, வயிறு சின்னதாகத் தெரிவது, ஸ்கேனில் ‘கழுத்தில் கொடி’ என்று எழுதியிருப்பது என இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கையெழுத்துக்கு மேலே ஓரமாக ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: “ரெண்டு நாளா குழந்தை அசைவு கொஞ்சம் கம்மியா இருக்கு. 35 வாரம் ஆயிடுச்சுல்ல, உள்ளே இடம் இருக்காது, அப்படித்தான் இருக்கும்னு கூட இருக்கிறவங்க எல்லாரும் சொல்றாங்க. சரிதானே டாக்டர்?”

சரியில்லை.

பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள், இன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள் என்று உங்களுக்குத் தனியாகச் சொல்லியாகிவிட்டது. நீங்களும் போனீர்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பார்த்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, “வீணா அவங்க நேரத்தைக் கெடுத்துட்டேன்” என்று மறுபடி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் உங்கள் பயம் முழுசாகப் பிடிபட்டது. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்பது பாதி. ‘இதுக்கெல்லாமா ஓடி வந்தீங்க’ என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்பது மீதி. இந்த மீதிப் பயம்தான் உங்களை இரண்டு நாள் வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறது. அதனால் அதற்குத்தான் இங்கே பதில் சொல்லப்போகிறேன்.

ஒன்பதாம் மாதத்தில் குழந்தையின் அசைவு குறையாது. அசைவு ஏறிக்கொண்டே வந்து 32 வாரம் வாக்கில் ஒரு நிலைக்கு வரும். பிறகு ஏறக்குறைய அதே அளவில் பிரசவம் வரைக்கும் நிற்கும். வலி எடுத்த பிறகும் குழந்தை அசையும். மாறுவது அசைவின் விதம்தான். ஏழாம் மாதத்தில் படீரென்று உதைத்த குழந்தை, இப்போது விலாவுக்குக் கீழே முட்டியை வைத்து நெம்பும். முதுகை ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கத்துக்கு மெல்லப் புரட்டும். கையை வைத்தால் வயிறு கோணலாக மேடு தட்டி அடங்குவது தெரியும். உதை இல்லை என்பதால் இதை யாரும் அசைவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘கடைசி மாசம் குறைஞ்சிடும்’ என்ற பேச்சு அப்படிக் கிளம்பியதுதான் என்று நினைக்கிறேன். பெற்றவர்கள் பலர் சொல்வதால் அது உண்மை மாதிரியே ஒலிக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு நாள், ஒன்றரை நாள் தாமதமாக வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அசைவு குறைவதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறோம்? நஞ்சு, அதாவது குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கும் பிளசென்டா, சரியாக வேலை செய்யாமல் ஆக்சிஜன் வரத்து குறைந்தால் குழந்தை முதலில் செய்வது சிக்கனம். கிடைக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவிட்டு, கை கால் ஆட்டுவதைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் உங்களுக்கு வலி இருக்காது, ரத்தம் படாது, காய்ச்சல் அடிக்காது. வெளியே தெரிகிற அடையாளம் இது ஒன்றுதான். அதுவும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நேற்று இந்தக் குழந்தை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஸ்கேன் மெஷினுக்கும் தெரியாது.

‘நேற்று’ என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். செக்கப்புக்குப் போகும் இடத்தில் பழக்கமாகி, தினமும் போனில் பேசிக்கொள்ளும் ஐந்து பேரும் ஆளுக்கொரு எண்ணிக்கை வைத்திருக்கிறீர்கள். ஒருவருடையது ராத்திரி முழுக்க உருளுகிறதாம். இன்னொருவருடையது சாப்பிட்ட பிறகு மட்டும்தானாம். இந்த ஒப்பீட்டில் ஒரு பயனும் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் பொருந்துகிற ‘சரியான எண்ணிக்கை’ என்று ஒன்று கிடையாது. 28 வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பழக்கம் படிந்துவிடும்: எந்த நேரத்தில் ஆடும், எவ்வளவு பலமாக ஆடும், எப்போது அடங்கும் என்று. ஒப்பிட வேண்டியது அதனோடுதான். எப்போதும் அமைதியாகவே இருக்கும் குழந்தை அமைதியாக இருந்தால் பயமில்லை. ஓயாமல் ஆடுகிற குழந்தை சாயங்காலத்திலிருந்து மந்தமாகிவிட்டால், தோழியின் குழந்தையைவிட இன்னமும் அதிகமாகவே ஆடினாலும்கூட, போய்க் காட்ட வேண்டும்.

உங்கள் சந்தேகம் இன்னொன்று: தூங்குகிறதோ என்னவோ? தூங்கும், நிறையவே தூங்கும். ஆனால் ஒரு தூக்கம் பெரும்பாலும் 20 நிமிடம், மிஞ்சினால் 40 நிமிடம். ஆரோக்கியமான குழந்தை 90 நிமிடத்தைத் தாண்டி அசையாமல் தூங்குவது அபூர்வம். நாள் முழுக்க நின்றும் நடந்தும் வேலை செய்துகொண்டிருந்தால் சின்னச் சின்ன அசைவுகள் உங்களுக்குப் படாமலே போகலாம். ஆகவே சந்தேகம் தட்டினால் வேலையை அப்படியே விடுங்கள். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுங்கள். போனை வேறு அறையில் வையுங்கள். கையில் இருந்தால் கவனம் வயிற்றில் நிற்காது. உதை, நெம்பல், புரளல், எதுவானாலும் தனித்தனியாகத் தெரிவதை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். விக்கலைச் சேர்க்காதீர்கள், சீராக டிக் டிக் என்று ஒரே இடத்தில் துடிக்கும், கண்டுபிடித்துவிடலாம். இரண்டு மணி நேரத்தில் 10 வரவில்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான். பத்து அசைவு வந்தாலும் ‘வழக்கமா இப்படி இருக்காதே’ என்று மனசுக்குப் பட்டால் அதுவும் கிளம்பப் போதுமான காரணம். அசைவே இல்லையென்றால் இந்த இரண்டு மணி நேரமும் வேண்டாம், அப்போதே போங்கள். ராத்திரி பதினொரு மணி என்றாலும் காலை வரைக்கும் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். பிரசவ வார்டு ராத்திரியில் மூடுவதில்லை.

இனிப்பாக எதையாவது குடித்தால் ஆடும், ஜில்லென்று தண்ணீர் குடித்தால் ஆடும் என்பதெல்லாம் சோதனை ஆகாது. குடித்துவிட்டு அரை மணி, மறுபடி குடித்துவிட்டு இன்னொரு அரை மணி என்று நேரம்தான் போகும்.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் செய்தது என்எஸ்டி (நான்-ஸ்ட்ரெஸ் டெஸ்ட்). வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட். ஒன்றில் இருக்கும் வட்டக் கருவி குழந்தையின் இதயத்துடிப்பை எடுக்கும், மற்றொன்று கர்ப்பப்பை இறுகுவதை உணரும். கையில் ஒரு பட்டன் கொடுத்து, அசைவு தெரிந்தால் அழுத்தச் சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் ஓடுகிற தாளில் குழந்தையின் துடிப்பு நிமிடத்துக்கு 110-லிருந்து 160-க்குள் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். பிறகு, குழந்தை அசையும்போது அந்தக் கோடு மேலே எழும்புகிறதா என்று பார்ப்போம். குறைந்தது 15 துடிப்பு ஏறி, 15 விநாடியாவது நின்று இறங்க வேண்டும்; 20 நிமிடத்தில் இரண்டு முறை அப்படி வந்துவிட்டால் எங்களுக்கும் மூச்சு வரும். உங்களை இருபது நிமிடத்தைத் தாண்டியும் படுக்க வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். குழந்தை தூக்கத்தில் இருந்தால் விழிக்கும்வரை காத்திருப்போம், அவ்வளவுதான். தேவைப்பட்டால் ஸ்கேனில் வளர்ச்சி, பனிக்குடநீர், தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் ஆகியவற்றையும் பார்ப்போம்.

இதில் யாருடைய நேரமும் வீணாகவில்லை. அசைவு ஒருமுறை குறைந்தது என்று வருகிறவர்களில் 100-க்கு சுமார் 70 பேருக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் பிரசவம் முடிகிறது. அந்த 70 பேரையும் பார்த்தால்தான் மீதியுள்ளவர்களைப் பிடிக்க முடியும். யார் எந்தப் பக்கம் என்று வாசலில் வைத்துச் சொல்ல எங்களாலும் முடியாது. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: ‘போன வாரம்தானே பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னாங்க’ என்று இரண்டாவது முறை போகாமல் இருந்துவிடாதீர்கள். என்எஸ்டி அன்றைய நிலவரத்தைத்தான் சொல்லும். மறுபடி மறுபடி அசைவு குறைவதை முதல் முறையைவிட அதிகக் கவலையோடு பார்ப்போம். யாராவது முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். “அசைவு குறைஞ்சிருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

தோழி ஒருவர் ஆன்லைனில் வாங்கிய, வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்கிற டாப்ளர் கருவியை வைத்து, “கேட்டுட்டேன், டக் டக்னு நல்லா இருக்கு” என்று உங்களுக்குத் தைரியம் சொன்னாராமே. அந்தக் கருவியை முடிந்தால் பெட்டியிலேயே போட்டு வைக்கச் சொல்லுங்கள். அதில் கேட்டது நஞ்சில் ஓடும் ரத்தத்தின் சத்தமாக இருக்கலாம். பயத்தில் படபடக்கிற உங்கள் நாடியாகவே இருக்கலாம். நிஜமாகவே குழந்தையின் துடிப்பாக இருந்தாலும், துடிக்கிறது என்பதால் நலம் என்று ஆகிவிடாது. அசைவு முதலில் குறையும். துடிப்பு கெடுவது அதற்கு வெகு பிறகு. தப்பான நேரத்தில் தைரியம் கொடுக்கிற பொருளை வீட்டில் வைத்துக்கொள்வதைவிட ஒன்றுமே இல்லாமல் இருப்பது நல்லது.

மற்றவற்றை வேகமாக முடித்துவிடலாம். ஐந்து பேரில் உங்கள் வயிறுதான் சின்னது என்கிறீர்கள். உயரம், வயிற்றுத் தசையின் இறுக்கம், குழந்தை கிடக்கும் விதம் என எல்லாமே தோற்றத்தை மாற்றும். செக்கப்பில் டேப் வைத்து அளக்கிறார்களே, அந்த சென்டிமீட்டர் கணக்கு உங்கள் வாரக் கணக்கை ஒட்டி, இரண்டு முன்னே பின்னே வந்தால் போதும். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து ஒப்பிடுவதை நிறுத்துங்கள். குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருப்பது 100 பிரசவத்தில் 20, 30-ல் இருக்கிறது; பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். அதை வைத்து நெட்டில் தேடியிருக்கிறீர்கள், பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்திருக்கிறீர்கள். தேடாதீர்கள். நடுராத்திரி விழித்துப் பார்த்தால் மல்லாந்து படுத்திருந்தீர்களா? ஒருக்களித்துத் திரும்பிப் படுத்தால் முடிந்தது. இடதா வலதா என்று திண்டாட வேண்டாம். சாப்பிட்டதும் படுத்தால் நெஞ்செரிச்சல் வரத்தான் செய்யும். அவ்வப்போது வயிறு கல்லாக இறுகி, கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ விட்டுவிடுவது பொய்வலி. அதே இறுக்கம் இடைவெளி குறைந்துகொண்டே, வலி ஏறிக்கொண்டே வந்தால் போங்கள். உங்களுக்கு இன்னும் 37 வாரம் ஆகவில்லை, இப்போது நிஜ வலி எடுத்தால் அது குறைப்பிரசவம். தேதி குறித்துக் கொடுத்த அன்றே பிறக்குமா என்றால், 280 நாள் கணக்குப் போட்டுச் சொல்கிற அந்தத் தேதியில் பிறப்பது 100-க்கு ஏறக்குறைய ஐந்து குழந்தைதான்.

சாயங்காலத்தில் இரண்டு பாதமும் வீங்குவது சாதாரணம். முகமும் விரல்களும் திடீரென்று வீங்கி, விடாத தலைவலியோ, கண்ணில் பூச்சி பறப்பதோ, வலது விலாவுக்குக் கீழே வலியோ சேர்ந்தால் அது சாதாரணம் இல்லை. அன்றே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90-ஐத் தொட்டுவிட்டால் அதைப் பாதத்து வீக்கத்தோடு சேர்த்துப் பேசக் கூடாது.

ஐந்து பேரும் பேசிக்கொள்வதை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று மணிக்குத் தூக்கம் வராமல் கிடக்கும்போது, இன்னொருத்தியும் அப்படித்தான் கிடக்கிறாள் என்று தெரிவது எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும். பையில் என்ன எடுத்து வைப்பது, எந்தத் தலையணை முதுகுக்கு இதம், யார் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் பேசுங்கள். ‘எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒண்ணும் ஆகாது’ என்ற பதிலை மட்டும் மருத்துவமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்போடு சொல்கிறார்கள், உண்மை. ஆனால் உங்கள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துச் சொல்லவில்லை.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. முதுகுவலி என்றதும் தோழி தன்னிடம் இருந்த ஐபுபுரூஃபன் அட்டையைக் கொடுத்திருக்கிறார், நீங்களும் ஒன்று போட்டிருக்கிறீர்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகளை 20 வாரத்துக்குப் பிறகு டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குடநீரைக் குறைக்கும். கடைசி மாதங்களில், பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு ரத்தக்குழாயைக் குழந்தை உள்ளே இருக்கும்போதே சுருக்கிவிடும். வலி தாங்க முடியவில்லையென்றால் எவ்வளவு பாராசிட்டமால் போடலாம் என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். பிரஷருக்காக டாக்டர் எழுதித் தந்த குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு விஷயம், அதை யாரும் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். போட்டது ஒன்றுதான் என்கிறீர்கள். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த செக்கப்பில் மறைக்காமல் சொல்லுங்கள், நீர் அளவைப் பார்த்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கும் அட்டையைத் தோழியிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கும் 33 வாரம் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.