87 ரூபா மண்ணெண்ணெய் – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

விலைக் கட்டுப்பாடு வேண்டாம் எண்டு நீங்க எழுதினதை வாசிச்சு எனக்குச் சரியான கோவம். நாங்க திருகோணமலைத் திருக்கடலூர், அப்பா இப்பவும் கடலுக்குப் போறவர். 2022 ஓகஸ்ட்ல மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து ஒரே ராத்திரியில 340க்குப் போச்சு, எங்கட கரையில கனபேர் போட்டைக் கரையில ஏத்திப்போட்டு கூலி வேலைக்குப் போனாங்க. சந்தை சரியாத்தான் செய்யுது எண்டு அதுக்கும் சொல்லுவீங்களா? அரிசிக்கு விலை போடாட்டி ஏழை என்னத்தைச் சாப்பிடுறது? மற்றது, கரையில அப்பாக்குக் கிடைக்கிற விலையையும் மார்க்கெட்ல அதே மீனை விக்கிற விலையையும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. ஏசி ரூம்ல இருக்கிறவங்களுக்குத்தான் சந்தை இனிக்கும்.

திருக்கடலூர் வாசகர் ஒருவர்

அன்புத் தம்பி,

ஏசி கதையை விடுவம், எங்கட வீட்டு ஃபேனே கடகட எண்டுதான் சுத்துது.

மண்ணெண்ணெயில இருந்தே வாறன். 340 ஆக்கினதைப் பற்றிக் கேக்கிறீங்க, அதுக்கு முதல் 87 ரூபாக்கு அது கிடைச்சதா எண்டு அப்பாட்டக் கேட்டுப் பாருங்கோ. 2022 ஜூன் கடைசியில டீசல் 460, பெற்றோல் 470, மண்ணெண்ணெய் மட்டும் 87. டீசலோட மண்ணெண்ணெயைக் கலந்தாலும் பஸ் ஓடும், எஞ்சின் கெதியா பழுதாகும், அவ்வளவுதான், அப்ப லீற்றருக்கு 370 ரூபா மிச்சம் வருமெண்டா பஸ்காரர் சும்மா இருப்பாரா, ஃபெக்டரிக்காரர் சும்மா இருப்பாரா? ஆரும் பெரிய கள்ளனா இருக்கத் தேவையில்ல, கணக்குப் பாக்கத் தெரிஞ்சாலே போதும். விளக்குக்கும் வள்ளத்துக்கும் எண்டு விலை குறைச்சு வைச்ச எண்ணெய் அந்தப் பக்கம் போச்சு, உங்கட அப்பா கானோட வரிசையில நிண்டார். வரிசையில ஒரு ராத்திரி நிண்டா ஒரு ராத்திரித் தொழில் போச்சு, அதுவும் அந்த லீற்றர்ட விலைதான். அந்த விலை ஆருக்கும் போய்ச் சேராததுதான் எனக்குப் பெரிய வயித்தெரிச்சல். காசாக் குடுத்திருந்தா அடுத்த எண்ணெய்க் கப்பலுக்காவது போயிருக்கும்.

அதுக்காக ஒரே ராத்திரியில ஏத்தினது சரியெண்டு நான் சொல்லல்ல. பெற்றோல் 2021 கடைசியில 177 இருந்து படிப்படியா 470 வரைக்கும் ஏறிச்சு, மண்ணெண்ணெயைப் பாவம் ஏழைகள் எண்டு சொல்லித் தொடாம வைச்சிருந்து கடைசியில முழு அடியையும் ஒரேயடியா கடற்கரைச் சனத்துக்குக் குடுத்தாங்க. பதிஞ்ச போட் எது எண்டு மீன்பிடித் திணைக்களத்திட்ட விவரம் இருக்கு. விலையை விலையா விட்டுட்டு போட்டுக்கு இவ்வளவு எண்டு காசைக் கையில குடுத்திருக்கலாம். எண்ணெய் வாங்குறதோ, கிட்டக் கடலுக்குப் போறதோ, பக்கத்து ஆளோட ஒரே போட்ல சேர்ந்து போறதோ அப்பாட முடிவு, அவருக்குத் தெரியாத கடலா?

(எண்ணெயைப் பங்கிட்டுக் குடுக்கக் கியூஆர் கோட் வந்த பிறகுதானே வரிசை குறைஞ்சது எண்டு ஆராவது கேப்பீங்க. உண்மை, பங்கீடு உதவினது. ஆனா அந்த நேரம் பெற்றோல் விலை 450. 177 ரூபா விலையோட கியூஆர் வந்திருந்தா அதை ஸ்கான் பண்ண எண்ணெய் எங்கயிருந்து வரும்?)

டொலரும் இதே கதைதான். 2021 கடைசியில வங்கியில 203 ரூபாக்கு மேல தரமாட்டாங்க, வங்கிக்கு வெளியால காசு மாத்துற உண்டியல்காரர் அதைவிடக் கூடுதலாத் தந்தார். மூதூர், கிண்ணியாவில இருந்து வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் எந்தப் பக்கம் அனுப்புவாங்க? 2020ல வங்கியால நாட்டுக்கு வந்த உழைப்புக் காசு 7.1 பில்லியன் டொலர், அடுத்த வருசம் ஏறக்குறைய 5.5 பில்லியன். அவங்களைத் தேசத்துரோகி எண்டு ஏசினவங்களும் இருந்தாங்க, எனக்கெண்டா அந்தப் பிள்ளைகள் செய்ததில ஒரு பிழையும் தெரியல்ல.

இனி அரிசி. 2021 செப்டெம்பர்ல அரசாங்கம் உச்ச விலை போட்டுது, அதே மாசம் எடுத்துது. 2024 டிசம்பர்ல திரும்பவும் நாட்டரிசி 230, சம்பா 240, கீரி சம்பா 260. அந்த நேரம் வெளியால அரிசி இறக்க விட்டாங்கதான், ஆனா கிலோவுக்கு 65 ரூபா வரி. பெரிய ஆலைக்காரர் கொஞ்சப்பேர் அந்த வரிக்குப் பின்னால பத்திரமா இருக்க, வர்த்தமானியைக் காட்டி பிடிக்கிறது சந்தியில இருக்கிற சின்னக் கடைக்காரரை. ஆலைக்காரருக்குப் போட்டி வந்தா அவையாவே விலையைக் குறைப்பினம். உடன வரியை எடுத்தா கந்தளாய், தம்பலகாமம் விவசாயி விழுந்திடுவார், ஆனபடியா கொஞ்சங் கொஞ்சமா, பெரும்போகம் விதைக்க முதலே சொல்லிப்போட்டுக் குறைக்கணும். வாங்க ஏலாத ஏழைக்குக் காசு குடுக்கணும். 2023ல தொடங்கின அஸ்வெசும எண்ட அரசாங்கக் காசு உதவித் திட்டம் அந்த முறைதான், பட்டியல்ல தகுதியான கனபேரை விட்டாங்க எண்டது வேற சண்டை, அதில நான் உங்கட பக்கம்.

மீன் விலையில நீங்க சொன்னது எனக்குச் சரியாப் படுது. ஆனா அதைச் சந்தைட தலையில போடுறதுக்கு முதல் ஒண்டு யோசியுங்கோ. எஞ்சினுக்கும் வலைக்கும் மீன் வாங்குற முதலாளிட்ட முற்பணம் வாங்கின ஆள் பிடிச்ச மீனை அந்த முதலாளிக்குத்தான் குடுக்கணும், அவர் சொல்லுறதுதான் விலை. இதில சந்தை எங்க இருக்கு, விக்கிற ஆளுக்கு வேற ஆளிட்டப் போகவே ஏலாதே. மார்க்கெட்ல விலைப் பலகை தொங்கவிட்டா அப்பாக்கு ஒரு சதமும் கூட வராது, முதலாளி தன்ர லாபத்தைக் காப்பாத்த கரையில இன்னும் குறைச்சுத்தான் எடுப்பார். கூட்டுறவுச் சங்கமோ வங்கியோ எஞ்சின் கடனைக் குடுத்து அந்தக் கட்டை அவிழ்த்தாத்தான் நாலு பேர் வந்து ஏலம் கேப்பாங்க. உங்கட கரையில முற்பணம் வாங்காத போட் ஒண்டிரண்டு இருக்கும், ஒரே நாள் ஒரே சைஸ் பாரை மீனுக்கு அவைக்கு என்ன விலை கிடைச்சது, அப்பாக்கு என்ன கிடைச்சது எண்டு கேட்டு எழுதுங்கோ, அதைப் போடுறன்.