பள்ளிக்கு வீட்டு வரியா, விற்பனை வரியா: கேள்வி பதில்

பள்ளிகளுக்காக வசூலிக்கும் சொத்து வரியை அடியோடு எடுத்துவிட்டு, விற்பனை வரியைக் கூட்டி அதன் எல்லையையும் விரிக்கலாம் என்ற பேச்சு பென்சில்வேனியாவில் வருடக்கணக்காக ஓடுகிறது. மிச்சிகன் இதில் பெரும்பகுதியை 1994-லேயே செய்துவிட்டது. இரண்டு மாநிலங்களிலிருந்தும் நம்மவர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) ஒன்றில் பட்ஜெட் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மிச்சிகன் டிராயிலிருந்து முரளி: விற்பனை வரியைக் கூட்ட மக்களே ஓட்டுப் போட்டார்களாமே சார், எப்படி?

வேறு வழியில்லாத நிலையில் அவர்களை நிறுத்திவிட்டார்கள், அதனால்தான். 1993 மார்ச்சில் மிச்சிகனின் கல்காஸ்கா என்ற சின்ன ஊரில், வரி உயர்வை வாக்காளர்கள் தொடர்ந்து நிராகரித்ததால் பணமில்லாமல் பள்ளிகளையே மூடிவிட்டார்கள். கல்வியாண்டு முடிய இன்னும் மாதங்கள் இருந்தன. அந்தச் செய்தி நாடு முழுக்கப் போனது. அதே ஜூலையில் மாநில செனட்டில் சொத்து வரியைக் குறைப்பது பற்றி விவாதம். ஜனநாயகக் கட்சியின் டெபி ஸ்டாபெனோ, குறைப்பானேன், பள்ளிக்கான சொத்து வரியை முழுசாகவே நீக்குவோம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். குடியரசுக் கட்சி ஆளுநர் ஜான் எங்க்லரின் ஆட்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். சில நாட்களில் இரு அவைகளிலும் நிறைவேறிவிட்டது. ஆண்டுக்கு 600 கோடி டாலருக்கு மேல் துண்டு விழும், அதை எதை வைத்து நிரப்புவது என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. இப்படியும் சட்டம் போடுவார்களா என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

பிறகு 1994 மார்ச் 15-ல் வாக்கெடுப்பு. 'ஆம்' என்றால் விற்பனை வரி 4-லிருந்து 6 சதவீதம், சிகரெட் வரி பாக்கெட்டுக்கு 25 சென்ட்டிலிருந்து 75 சென்ட். 'இல்லை' என்றால் வருமான வரி 4.6-லிருந்து 6 சதவீதமாகத் தானாகவே ஏறிவிடும். எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒரு வரி உண்டு. சுமார் 69 சதவீதம் பேர் விற்பனை வரியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மிச்சிகன் நோவையிலிருந்து கவிதா: போன வருஷம் வீடு வாங்கினோம். பழைய சொந்தக்காரர் கட்டியதைவிட எங்களுக்கு வரி ரொம்ப அதிகமாக வந்திருக்கிறது. தப்பாகப் போட்டுவிட்டார்களா?

தப்பில்லைம்மா, அதுவும் அந்த 1994 ஏற்பாட்டின் பகுதிதான். ஒருவர் வீட்டை வைத்திருக்கும்வரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது பணவீக்கம், இதில் எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் அடுத்த ஆண்டு அந்தக் கட்டு அவிழ்ந்து, சந்தை விலையில் பாதி வரி மதிப்பாகிவிடும். இருபது வருடம் இருந்தவரும் நேற்று வந்தவரும் ஒரே மாதிரி வீட்டுக்கு வேறு வேறு வரி கட்டுவது இதனால்தான். வீடு பார்க்கும்போது விற்பவரின் பில்லை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

இன்னொன்று முக்கியம். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி நடத்தும் செலவுக்கான 18 மில் வரி கிடையாது. ஒரு மில் என்றால் 1,000 டாலர் வரி மதிப்புக்கு 1 டாலர். 3,00,000 டாலர் வீடு என்றால் வரி மதிப்பு 1,50,000. 18 மில் விலக்கில் ஆண்டுக்கு 2,700 டாலர் மிச்சம். மாநிலக் கல்வி வரி 6 மில், அதாவது 900 டாலர், எல்லோருக்கும் உண்டு. இந்த விலக்குக்கு நீங்கள்தான் படிவம் கொடுக்க வேண்டும்: கோடைக்கால பில்லுக்கு ஜூன் 1-க்குள், குளிர்கால பில்லுக்கு நவம்பர் 1-க்குள். கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஆலன்டவுனிலிருந்து சரவணன்: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். பென்சில்வேனியாவில் இந்த வரி போனால் வாடகை குறையுமா?

உடனே குறையும் என்று நான் நம்பவில்லை. வரி மிச்சத்தை வீட்டுக்காரர் குடித்தனக்காரருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை; வாடகையை ஊரின் கிராக்கிதான் முடிவு செய்யும். ஆனால் கடையில் கூடுதல் வரியை நீங்கள் முதல் நாளிலிருந்தே கட்டுவீர்கள்.

அங்கே பேசப்பட்ட மசோதா விற்பனை வரியை 6-லிருந்து 7 சதவீதமாகவும், வருமான வரியை 3.07-லிருந்து 4 சதவீதத்துக்கு மேலாகவும் உயர்த்தச் சொன்னது. இப்போது வரியில்லாத உணவுப்பொருள்களில் ஒரு பகுதி, ஆடை, பல சேவைகள் எல்லாம் வலைக்குள் வரும். பெரிய மால், கிடங்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் பள்ளி வரி நீங்கும். ஓய்வுபெற்றவர்கள் இதை ஆதரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஓய்வூதியத்துக்கு அங்கே மாநில வருமான வரி இல்லை, வீட்டு வரிதான் அவர்களை அழுத்துகிறது. வேலைக்குப் போகும் வாடகைக்காரர்தான் விற்பனை வரி, வருமான வரி இரண்டின் உயர்வையும் கட்டுவார். 2015 நவம்பரில் செனட்டில் 24-க்கு 24 என்று வந்து, துணை ஆளுநர் எதிர்த்து ஓட்டுப் போட்டதால் அது தோற்றது.

டிராயிலிருந்து மறுபடியும் முரளி: பொருளாதாரம் சரிந்தால் என்ன ஆகும்?

இதுதான் எனக்கு இருக்கும் பெரிய தயக்கம். வேலை போனால் மக்கள் கார் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், விற்பனை வரி அந்த மாதமே விழும். வீட்டு வரி அவ்வளவு சீக்கிரம் விழாது. தென் கரோலினா 2006-ல் சட்டம் போட்டு, சொந்தக் குடியிருப்புகளுக்குப் பள்ளி நடத்தும் வரியை நீக்கி, விற்பனை வரியில் 1 சதவீதம் கூட்டியது. கொஞ்ச நாளில் மந்தநிலை வந்து வசூல் போதாமல், மாநிலப் பொது நிதியிலிருந்து ஈடுகட்ட வேண்டியதாயிற்று. மிச்சிகனில் 2009-ல் பள்ளி திறந்த பிறகு, அக்டோபரில், மாணவர் ஒருவருக்கு மாநிலம் தரும் தொகையை வெட்டினார்கள். ஆசிரியர்களை நியமித்த பிறகு பட்ஜெட்டைக் குறைக்கச் சொன்னால் பள்ளி மாவட்டம் என்னதான் செய்யும்?

ஆனால் ஏழைப் பள்ளி மாவட்டங்களுக்கு மிச்சிகன் முறை நல்லதே செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடிமட்டத்தில் இருந்த மாவட்டங்களின் தொகையை மாநிலம் தூக்கிவிட்டது. அதற்கு விலையாக, நடத்தும் செலவுக்கு ஊரே கூடிக் கூடுதல் வரி போட்டுக்கொள்ளும் உரிமை பெரும்பாலான மாவட்டங்களுக்குப் போய்விட்டது. கணக்கு இப்போது மாநிலத் தலைநகர் லான்சிங்கில் முடிவாகிறது.

பென்சில்வேனியா பிட்ஸ்பர்கிலிருந்து உஷா: இந்த வரிகளை மத்திய வருமான வரியில் கழிக்க முடியுமா?

மாநில வருமான வரி அல்லது விற்பனை வரி, இரண்டில் ஒன்றைத்தான் கழிக்கலாம். சொத்து வரியை இதில் எதனுடனும் சேர்த்துக் கழிக்கலாம், உச்சவரம்புக்கு உட்பட்டு. செலவுகளைப் பட்டியலிட்டுக் கழிப்பவர்கள் சொத்து வரி போய் விற்பனை வரி வந்தால் அந்தச் சலுகையில் ஒரு பகுதியை இழக்கலாம்.

உஷா: சரி, அப்படி ஒரு சட்டம் வந்தால் எங்கள் வீட்டு வரி பில் பூஜ்யமாகிவிடுமா?

ஆகாது. கவுன்டி வரியும் நகராட்சி வரியும் அப்படியே இருக்கும். பள்ளி மாவட்டம் ஏற்கெனவே கட்டடத்துக்கு வாங்கிய கடன் தீரும்வரை அதற்கான பங்கையும் வசூலிக்கலாம் என்றுதான் அந்த மசோதாவிலேயே இருந்தது. உங்கள் மாவட்டத்துக்கு எவ்வளவு கடன் என்பது அதன் பட்ஜெட்டிலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.