தினமும் சீவியும் நாய்க்குச் சடை பிடிப்பது ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டு ஷிட்ஸூ நாய்க்கு நான்கு வயதாகிறது. தினமும் பிரஷ் போடுகிறேன், வாரம் ஒரு முறை குளிப்பாட்டுகிறேன். அப்படியும் காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குளில், வாலடியில் முடி சடை பிடித்துக் கட்டி கட்டியாக நிற்கிறது. சீப்பைக் கொண்டு போனாலே உறுமுகிறான். போன வாரம் கடிக்கவே வந்துவிட்டான். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடலாமா? முடி திருத்துபவர், உடம்பு முழுக்க மழித்துவிடலாம் என்கிறார். மழித்தால் முடி பழையபடி வளருமா? இனிமேல் சடை பிடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: கத்தரிக்கோல் வேண்டாம். மற்றவற்றை அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். சடைக்கட்டியைப் பிடித்துத் தூக்கும்போது தோலும் கூடாரம் போல அதோடு எழும்பி வரும். முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று அந்த அடர்த்திக்குள் கண்ணுக்குத் தெரியாது. மனிதர்களின் மேல்தோலில் 10 முதல் 15 அடுக்குச் செல்கள் இருக்கும் என்றால், நாயின் மேல்தோலில் 3 முதல் 5 அடுக்குகள்தான். கூரான கத்தரி ஒரே வெட்டில் தோலைப் பிளந்துவிடும். காது ஓரத்திலும் அக்குளிலும் இப்படி வெட்டுப்பட்டு, தையல் போடுவதற்காக வரும் நாய்களை எந்தக் கால்நடை மருத்துவரும் பார்த்திருப்பார். வெட்டியவர்கள் எல்லோருமே நாயை உயிராக வைத்திருப்பவர்கள், ஜாக்கிரதையாக வெட்டியவர்கள்தான்.

தினமும் பிரஷ் போடுகிறேன் என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அந்த பிரஷ் எதுவரை போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நீண்ட முடி நாய்களைச் சீவுகிற பலரும் முதுகின் மேலாக நீளமாக இழுத்துவிட்டு, பளபளவென்று இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். மேல்பக்கத்து ஒரு அங்குலம் பட்டுப் போல இருக்கும். அதற்குக் கீழே, தோலை ஒட்டி, முடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே போகும். இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். பிரஷ் போட்டு முடித்ததும் ஒரு இரும்புச் சீப்பை எடுத்து, பற்கள் தோலைத் தொடும்படி வைத்து, வெளிப்பக்கமாக இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடம் சுத்தம். எங்கே நிற்கிறதோ, அங்கே சடை தொடங்கிவிட்டது.

ஷிட்ஸூ, லாசா அப்ஸோ, மால்டீஸ், பூடில் போன்ற நாய்களை 'முடி கொட்டாத ஜாதி' என்று சொல்லி வாங்குகிறார்கள். இவற்றுக்கும் முடி உதிரத்தான் செய்கிறது. உதிர்ந்த முடி தரையில் விழாமல், வளர்ந்து நிற்கிற முடிக்குள்ளேயே சிக்கிக்கொண்டு தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முடியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செதில்கள் உண்டு. உதிர்ந்த முடியும் வளர்ந்து நிற்கிற முடியும் உரசும்போது அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. எங்கெல்லாம் உரசல் அதிகமோ அங்கெல்லாம் சடை முதலில் பிடிக்கும்: காதின் பின்புறம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, கால் விரல்களுக்கு நடுவே. எட்டு மாதம், பத்து மாதம் ஆகும்போது குட்டி முடி போய்ப் பெரிய நாயின் முடி வரும். அந்தப் பருவத்தில் சிக்கு இரண்டு மடங்காகத் தெரியும். உங்கள் நாய் அதைத் தாண்டிவிட்டான்.

வாராந்தரக் குளியல்தான் உங்கள் வீட்டில் காரியத்தைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். சிக்கு இருக்கும்போதே தண்ணீர் பட்டால் முடி ஊதிப் பெருத்து, காயும்போது இன்னும் இறுகும். நேற்று விரலால் பிரிக்க முடிந்த முடிச்சு குளித்த மறுநாள் கெட்டித்துண்டாக ஆகிவிடும். அதற்குள் போன ஷாம்பூ முழுதாக அலசி வெளியே வராது. அந்த மிச்சம் அரிப்பைத் தரும். நாய் சொறியும், நக்கும், எச்சில் ஈரத்தில் சடை மேலும் பெருகும். ஆகவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் சிக்கெடுப்பது, சீப்புச் சோதனையில் தேறிய பிறகு குளியல்.

இப்போது உறுமலுக்கு வருகிறேன். அவன் முரடாக மாறிவிடவில்லை. அவனுக்கு வலிக்கிறது. அக்குளில் இருக்கிற கட்டி, அவன் முன்னங்காலை நீட்டுகிற ஒவ்வொரு முறையும் தோலைச் சுண்டி இழுக்கிறது. நடக்கும்போதும் படுக்கும்போதும் அந்த இழுப்பு உண்டு. அதில் போய் சீப்பு மாட்டினால் எந்த நாயும் பல்லைக் காட்டும். இப்படிப்பட்ட சடையை மருத்துவமனையில் கிளிப்பர் (முடி மழிக்கும் இயந்திரம்) வைத்து எடுக்கும்போது, முடி ஒரே பாளமாகக் கழன்று வரும். அடியில் தோல் சிவந்து, கசகசவென்று ஈரமாக, புளித்த வாடையோடு இருக்கும். சில சமயம் மேல்தோல் உரிந்து நீர் வடியும் புண்ணாகவே இருக்கும். காற்றுப் படாத ஈரத்தில் கிருமிகள் பெருகுகின்றன; உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. ஈ மொய்த்தால் புழுவே வைத்துவிடும். ஆசனவாயைச் சுற்றிச் சடை பிடித்த நாய்க்கு மலம் முடியில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

நீங்கள் குறிப்பிட்ட இடங்கள் எனக்கு இன்னொரு சந்தேகத்தையும் தருகின்றன. வாலடியில் சடை என்றால், அங்கே அவன் கடித்துக் கடித்து நனைக்கிறானா என்று கவனியுங்கள். தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை வழக்கமாக அரிப்பைக் கிளப்புகிற இடம் அதுதான். சன்னமான பல்லுள்ள சீப்பால் அங்கே வாரி, சீப்பில் வருகிற கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாக நிறம் கசிந்தால் அது பூச்சியின் எச்சம், அதாவது செரித்த இரத்தம். வெறும் மண்ணாக இருந்தால் நிறம் கசியாது. அதேபோல காதும் அக்குளும் தோல் ஒவ்வாமையும் பூஞ்சைத் தொற்றும் விரும்பித் தங்குகிற இடங்கள். காதுக்குள் வாடை, பழுப்பு நிற அழுக்கு, தலையை ஆட்டிக்கொண்டே இருப்பது என்று ஏதாவது இருந்தால் அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். அரிப்பு நிற்காமல் சடை நிற்காது.

சின்னச் சின்னச் சிக்குகளை நீங்களே வீட்டில் எடுக்கலாம். சீப்பின் ஒரு பல் சடைக்கும் தோலுக்கும் நடுவே தாராளமாக நுழைந்தால் அது வீட்டு வேலை. முடி காய்ந்திருக்க வேண்டும். நாய்களுக்கென்று விற்கும் சிக்கெடுக்கும் ஸ்ப்ரேயை அந்த முடிச்சில் அடித்து, சில நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு முடிச்சுக்கும் தோலுக்கும் இடையில், வேர்ப்பக்கத்தில், இரண்டு விரலால் முடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பிடிதான் முக்கியம். நீங்கள் இழுக்கிற இழுப்பு முழுவதையும் உங்கள் விரல் வாங்கிக்கொள்ளும், தோலுக்குப் போகாது. மறு கையின் விரல்களால் முடிச்சைச் சின்னச் சின்னப் பிரிகளாகப் பிரியுங்கள். அப்புறம் சீப்பின் ஓரப் பற்களால் நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேரை நோக்கி வாருங்கள். வேரில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுக்கிறவர்கள்தான் நாய்க்குச் சீப்பின் மேல் பயத்தை உண்டாக்குகிறார்கள். ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். அவன் உறுமத் தொடங்குவதற்கு முன்னாலேயே நிறுத்தி, பிடித்த தின்பண்டம் கொடுத்து அனுப்புங்கள். ஒரு முடிச்சு சில நிமிடத்தில் இளகவில்லை என்றால் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், அது கிளிப்பருக்கான முடிச்சு.

சிக்கு இளகட்டும் என்று எண்ணெய் தேய்த்து ஊறவைத்தால் தூசி ஒட்டும், நாய் நக்கித் தின்னும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், உள்ளே போனால் விஷம். டீ ட்ரீ எண்ணெய் 'இயற்கையானது' என்று சொல்லி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். நாய்களுக்கு அது நஞ்சு.

ஆனால் உங்கள் நாயைப் பொறுத்தவரை வீட்டு முயற்சி வேண்டாம் என்பது என் கருத்து. கட்டிகள் இறுகிவிட்டன, வலி அதிகம், கடிக்கவும் வருகிறான். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, பரிசோதித்த பிறகு, தேவையானால் லேசாக மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் எடுத்துவிடுவதுதான் அவனுக்குச் செய்கிற நல்லது. நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை இது இல்லை. எவ்வளவு நேரம் பட்டினி போட வேண்டும் என்பதை அந்த மருத்துவரே சொல்வார். வீட்டிலிருக்கிற தூக்க மாத்திரையையோ, இபுபுரூஃபன், பாராசிட்டமால் போன்ற வலி மாத்திரைகளையோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு தப்பினால் கல்லீரல் போய்விடும்.

முழுக்க மழித்துவிடலாம் என்று சொன்னவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவர் மேல் கோபப்பட வேண்டாம். மணிக்கணக்கில் இழுத்துப் பிரித்து முடியைக் காப்பாற்றலாம்தான், ஆனால் அந்த வலியை வாங்கிக்கொள்வது அவன். அழகுக்காக அவனை அந்தப் பாடு படுத்த நான் ஒப்பமாட்டேன். ஷிட்ஸூவின் முடி தொடர்ந்து வளர்கிற ரகம், சில மாதங்களில் திரும்ப வந்துவிடும். பொமரேனியன், ஹஸ்கி மாதிரி இரட்டை அடுக்கு முடியுள்ள நாய்களுக்குத்தான் யோசிக்க வேண்டும். ஒட்ட மழித்த இடத்தில் ஓராண்டுக்கு மேலும் முடி வராமல் நிற்பது அவற்றில் உண்டு. அந்த நாய்களிலும்கூட, தோல் வரை இறுகிய சடைக்கு வேறு வழி இருக்காது.

மழிப்பதற்குக் கிளிப்பரில் வழக்கமாக 10-ஆம் எண் பிளேடு போடுவார்கள். அது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு முடியை விட்டு எடுக்கும். ஓட ஓட பிளேடு சூடேறும். அடிக்கடி மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்கிறாரா, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறாரா என்று கவனியுங்கள். இந்த இரண்டும் இருந்தால் கைதேர்ந்தவர் என்று நம்பலாம்.

காதில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். நாள்பட்ட இறுக்கமான சடையை எடுத்ததும் காது மடலுக்கு இரத்த ஓட்டம் சட்டென்று திரும்பும். அந்தக் குறுகுறுப்பில் நாய் தலையைப் படபடவென்று உதறும். அந்த வேகத்தில் மடலுக்குள் இரத்தம் கோத்து வீங்கிவிடலாம், நுனியில் கசியலாம். இரண்டு காதுகளையும் மென்மையான துணிப்பட்டையால் தலையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி வைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மடல் மெத்தென்று வீங்கினால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். மற்ற இடங்களில் லேசான சிவப்பும் பொடுகும் சில நாளில் தானே மறையும். கொஞ்ச காலம் வெயிலில் நிறுத்தாதீர்கள், குளிராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் வராமல் இருக்க: பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஒரு கையால் முடியை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்தால் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள முடியை மட்டும் ஸ்லிக்கர் பிரஷால் (சன்னமான கம்பிகள் நெருக்கமாக உள்ள பிரஷ்) வேரிலிருந்து வெளியே சீவி, அரை அங்குலம் மேலே போய் அடுத்த கோடு, பிறகு அடுத்தது. வரி வரியாக இப்படிச் சீவி முடித்ததும் இரும்புச் சீப்புச் சோதனை. பிரஷின் கம்பி தோலைக் கீறாமல் கை லேசாக இருக்கட்டும். தினமும் உடம்பு முழுவதும் முடியாவிட்டால், காதுப்புறம், அக்குள், தொடை இடுக்கு, வாலடி ஆகிய நான்கை மட்டுமாவது விடாதீர்கள். வீட்டுக்குள் வந்ததும் மார்புப்பட்டையையும் சட்டையையும் கழற்றிவிடுங்கள்; அக்குள் சடைக்கு அவை பெரிய காரணம்.

தோல் நோய் இல்லையென்றால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். ஷாம்பூவை வட்டமாகத் தேய்க்காமல், முடி போகிற திசையிலேயே நீவிவிட்டு, நாய்களுக்கான கண்டிஷனர் போட்டு நன்றாக அலசுங்கள். துண்டால் பரபரவென்று துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள். மிதமான சூட்டில் டிரையர் காட்டிக்கொண்டே சீவினால் சிக்கு விழாது. ஈரத்தோடு விட்டுவிடுவதுதான் ஆபத்து. நேரம் கிடைக்காத வீடு என்றால் முடியை ஓர் அங்குலத்துக்குள் குட்டையாகவே வைத்திருங்கள், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வெட்டிவிடுங்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

மழித்த பிறகு கிடைக்கிற சில வாரங்களை வீணாக்காதீர்கள். தோல் ஆறியதும், இழுபட முடியே இல்லாத அந்த நாட்களில், பிரஷின் பின்பக்கத்தால் அவன் முதுகில் ஒரு முறை தடவி ஒரு தின்பண்டம் கொடுங்கள். பிறகு பாதங்கள், காது என்று போங்கள். வலியில்லாமல் அந்தப் பொருள் தன் உடம்பில் படும் என்பது அவனுக்குப் பழக வேண்டும். முடி வளர்ந்த பின்னும் சீப்பைக் கண்டு விலகினால், குட்டை முடியையே தொடருங்கள். வலிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று காதையும் மூட்டுகளையும் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள்.